முப்பத்தொன்று

தெலாவியில் அக்டோபர்.
சபெராவித் திராட்சை பிழிந்து முடிந்த மறுநாள்
டிராக்டரில் சக்கை கொண்டுவந்த பெஜான்
ஆய்வகத்துப் பின்வாசலில் நின்று
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"காய்ச்சுகிறவனிடம் கொடுத்தால்
நாலு பாட்டில் வரும்.
உங்களிடம் கொடுத்தால் காகிதம் வருகிறது."

அவன் சொன்னதில் பொய்யில்லை.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இருபது கிலோ. தோல், விதை, காம்பு.
இனிப்பெல்லாம் மண்ணுக்குள் புதைத்த தாழிக்குப் போயாயிற்று.
மிஞ்சியது துவர்ப்பு.
நாக்கைப் பிடித்து உள்ளே இழுத்து
ஒரு சொல் பேசவிடாத துவர்ப்பு.
எனக்கு வேண்டியது அதுதான்.

உலர்த்தி, அரைத்து, ஊறவைத்து, இறுத்து,
மக்காச்சோளத் தட்டையின் நார்,
உருளைத் தோலில் எடுத்த மாவு,
வளைந்துகொடுக்க ஒரு கரண்டி கிளிசரின்.
கண்ணாடிப் பலகையில் ஊற்றிவிட்டு
அது ஆடிவிடுமோ என்று கதவைக்கூட மெல்லச் சாத்தினேன்.
காலையில் உரித்தால்
கன்றிப்போன முழங்கால் நிறத்தில்
ஒரு தோல்.

கிண்ணத்தில் லிஸ்டீரியா வளர்த்து
நடுவே காசளவு நறுக்கி வைத்தோம்.
மறுநாள் அதைச் சுற்றி ஒரு வெற்று வட்டம்:
நிலா கோட்டை கட்டியிருந்தது.
பதினெட்டு மில்லிமீட்டர்.
லெவான் விசிலடித்தான்.
அவனுக்கு விசில் வராது, காற்றுதான் வந்தது.

பிறகு புதைத்தோம்.
தொண்ணூறாம் நாள் தோண்டினால்
போட்டது போட்டபடி.
பக்கத்தில் கிடந்த முட்டைக்கோஸ் மக்கிக் கருத்திருக்க
இதை மட்டும் ஒருவரும் தொடவில்லை.
மண்புழு ஒன்று
வந்து பார்த்து, ஒதுங்கி, சுற்றிப்போன தடம்.

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.
பதினான்கு நாள் வாசலில் தடியோடு நில்.
பதினைந்தாம் நாள்
தடுத்த அதே ஆட்களுக்கு இலை போட்டு
உன்னையே பரிமாறு.
இந்த வேலைக்கு
மனிதரில் ஆள் எடுக்க முடியுமா?

துவர்ப்பைக் குறை என்றான் லெவான்.
குறைத்தேன்.

சந்தையில் சுல்குனிப் பாலாடைக்கட்டி விற்கும் சியாலா
சோதனைக்கென்று ஆறு வட்டு ஒதுக்கியிருந்தாள்.
நாலாம் நாளே உப்புநீர் பட்டு
எங்கள் உறை கரைந்து வழிந்துவிட்டது.
வெள்ளைக் கட்டியெல்லாம் ஊதாத் திட்டு.
நஷ்டத்தைக் கொடுத்துவிடலாம் என்று
பணத்தோடு போய் நின்றேன்.
மேசை காலி.
"ஜெர்மன்காரர்கள் வந்தார்கள்,
ஒயின் பாலாடைக்கட்டி என்று சொன்னேன்,
ஒன்றுக்கு இரண்டு லாரி கூடுதல்.
அந்தச் சாயக் காகிதம் இன்னும் இருக்கிறதா?"

இரவோடு இரவாக ஓடி
எடுத்துவைத்த துணுக்கில் கிருமி எண்ணினேன்.
இரண்டு தடவை.
அபாயமில்லை.
ஆனாலும் விடியும்வரை தூங்கவில்லை.
அறிக்கையில் இதைச் சேர்க்க
எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை.

பனிக்காலம் முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்தது.
அடுப்புப் பாதியில் ஆறியதில் இருபத்திரண்டு வெடித்தது.
இருபத்தைந்தில் பூசணம் பூத்தது, அழகாகவே.
இருபத்தெட்டை எலி தின்றது;
அதை வெற்றியாகக் கணக்கில் எழுதலாமா என்று
ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை.

கடைசியில் துவர்ப்பை நாரோடு முடிச்சுப் போட்டோம்.
ஈரப்பட்டால் முடிச்சு மெல்ல அவிழும்.
காவல் முதலில் கலையும்,
சோறு பிறகு மிஞ்சும்.
எழுதும்போது எளிதாக இருக்கிறது.

முப்பத்தொன்று
சியாலாவின் மேசையில் பதினான்கு நாள் தாங்கியது.
சாயம் ஒட்டவில்லை.
அவளுக்கு அதில் வருத்தம்தான்.

மார்ச்சில் புதைத்ததை
ஐம்பத்திரண்டாம் நாள் கரண்டியால் கிளறினேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் ஒரு சாண். ஒன்றுமில்லை.
எந்தச் செடியுடையதோ வெள்ளை வேர்,
ஈர மண், ஒரு பூரான்.
ஒன்றுமில்லாததை எப்படிப் படம் எடுப்பது என்று தெரியாமல்
குழியைப் படம் எடுத்தேன்.

ஓரத்தில்,
இடம் மறந்துபோகாமலிருக்க அன்று குத்திவைத்த
மஞ்சள் பிளாஸ்டிக் சீட்டு
முப்பத்தொன்று என்ற எண்ணோடு
நேற்று வாங்கியதுபோல் நின்றது.

பிடுங்கி, கால்சட்டையில் துடைத்து,
பின்பக்கத்தில்
முப்பத்திரண்டு என்று எழுதினேன்.